ஓர் ஊருக்கு எத்தனை வீடு வேண்டும்? திருகோணமலைக் கிராமங்களில் வீட்டுத் தேவையைக் கணக்கிடும் முறை

"இந்த ஊரில் எத்தனை குடும்பத்துக்கு வீடு வேண்டும்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பட்டியலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியல் அது. தேவையின் கணக்கு அதில் இல்லை. படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள், அறிவித்தல் வந்த கிழமை ஊரில் நின்றவர்கள், காணிப் பத்திரம் கையில் உள்ளவர்கள் ஆகியோரின் கணக்குத்தான் இருக்கிறது. கணவர் காணாமற்போய், காணி இன்னமும் அவர் பெயரிலேயே கிடக்கும் பெண்ணின் பெயர் அதில் வராது. தாய்வீட்டு விறாந்தையில் சேலையால் மறைப்புக் கட்டிப் படுக்கும் இளம் தம்பதியின் பெயரும் வராது, அவர்கள் ஏற்கெனவே ஒரு வீட்டு இலக்கத்தில் பதிவாகி இருப்பதால். ஒரு கிராமத்தின் வீட்டுக் கணக்கைச் சரியாக எடுப்பது இவர்களைக் கண்ணுக்குத் தெரிய வைக்கும் வேலை.

முதலில் கேள்வி, தேவை என்ற இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பாடசாலைப் பொருளியலில் கேள்வி (demand), நிரம்பல் (supply) என்று படித்திருப்போம். கேள்வி என்றால் விருப்பமும் வசதியும் சேர்ந்திருப்பது: கட்டவோ வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ ஒருவர் தயாராக இருக்கிறார், அதற்குப் பணமும் இருக்கிறது. தேவை வேறு. பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மழை ஒழுகாத, பாதுகாப்பான, போதிய இடமுள்ள வீடு ஒரு குடும்பத்துக்கு இல்லை என்றால் அது தேவை. வெருகல் ஆற்றங்கரையில் கிடுகுக் கொட்டிலில் இருக்கும் கூலிக் குடும்பத்துக்குத் தேவை இருக்கிறது, கேள்வி இல்லை. நிலாவெளியில் விருந்தினர் விடுதி கட்டக் காணி தேடும் வெளியூர்க்காரரிடம் கேள்வி இருக்கிறது, தேவை இல்லை. இந்த இரண்டும் ஒரே ஊரில் மோதும்போது, கடற்கரையோரக் காணி விலை ஏறி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு வைக்க நிலம் இல்லாமல் போகிறது. ஆகவே இரண்டையும் அளக்க வேண்டும், ஆனால் ஒன்றாகக் கூட்டக் கூடாது.

கூரையை எண்ணாதீர்கள், உலையை எண்ணுங்கள்

புதிதாகக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் செய்யும் முதற்பிழை, வீடுகளை எண்ணி, அதையே குடும்பங்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வது. எண்ண வேண்டிய அலகு குடித்தனம்: ஒன்றாக இருந்து ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுபவர்கள். ஒரு கூரையின் கீழ் இரண்டு உலை இருந்தால் அங்கே இரண்டு குடித்தனம். முன்வாசலில் நின்று கேட்டால் "நாங்கள் எல்லாரும் ஒன்றுதான்" என்பார்கள். பின்பக்கம் போய்ப் பாருங்கள். குசினிக்கு வெளியே, வீட்டுச் சுவரோடு சாய்த்து நாலு தகரத்தால் பத்தி இறக்கி, மூன்று கல் வைத்த அடுப்பு ஒன்று தனியாக இருக்கும். பக்கத்தில் அரிசிப் பானை ஒன்று, கொடியில் குழந்தைத் துணி. அது பட்டியலில் இல்லாத ஒரு குடும்பம்.

கிழக்கில் இதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். மூத்த மகளின் கல்யாணத்தோடு இருந்த கல்வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் இளைய பிள்ளைகளோடு வளவின் பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டு இறங்குவார்கள். நேற்றுவரை வீடு உள்ளவர்கள், இன்றைக்கு வீடு இல்லாதவர்கள். ஆனால் அந்தத் தகப்பனின் பெயர், சில ஆண்டுகளுக்கு முன் வீட்டு மானியம் பெற்றவராக ஏட்டில் இருக்கும். "ஏற்கெனவே பயன்பெற்றவர்" என்று அடுத்த பட்டியலிலிருந்து அவரை வெட்டிவிடுவார்கள். அந்த மானிய வீட்டில் இப்போது யார் இருக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் "உங்களுக்கு வீடு கிடைத்ததா?" என்ற கேள்விக்குப் பக்கத்தில் "அந்த வீட்டில் இப்போது இருப்பது யார்?" என்ற கேள்வியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இதே வழக்கத்தால் வருங்காலத் தேவையைக் கணக்கிடவும் ஒரு வழி கிடைக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் இன்றைக்கு 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் கல்யாணமாகாத பெண்களை எண்ணினால், அடுத்த ஐந்து ஆண்டுகளில் எழப்போகும் புதுக் குடித்தனங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ வந்துவிடும். ஆண்களை எண்ணினால் வராது, அவர்களில் பலர் வேறு ஊருக்கு மாப்பிள்ளையாகப் போய்விடுவார்கள். கோமரங்கடவல, பதவிசிறிபுர போன்ற பிரதேசங்களின் சிங்களக் கிராமங்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மகன் காணியோடு தங்குவது அங்கே கூடுதல். திருகோணமலை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் ஒரே சூத்திரத்தைப் போடுவது இதனால்தான் பிழைக்கிறது.

வீதிக்கு இறங்குமுன்

கிராம உத்தியோகத்தர் பிரிவு ஒன்றை எல்லையாக எடுப்பது வசதி. பிரதேச செயலகத்தின் புள்ளிவிபரத் தொகுப்பு, கிராம உத்தியோகத்தரிடம் உள்ள குடும்பப் பதிவு, வாக்காளர் இடாப்பு, தேசிய வீடமைப்பு அதிகார சபையின் கடன் மற்றும் மானியப் பட்டியல், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் எண்கள் ஆகியவற்றை முதலில் சேருங்கள். தொகைமதிப்பு, அதாவது சனத்தொகைக் கணக்கெடுப்பு, 2012 இல் நடந்தது, அடுத்தது தள்ளிப்போய் 2024 இல் நடந்தது. கையில் இருப்பது எந்த ஆண்டின் எண் என்று ஒவ்வொரு அட்டவணையின் மேலும் எழுதி வையுங்கள். 2015 இல்தான் காணி திரும்பக் கிடைத்து மக்கள் குடியேறத் தொடங்கிய சம்பூருக்கு 2012 இன் எண் எதையும் சொல்லாது. அப்போது அந்தக் குடும்பங்கள் போரால் இடம்பெயர்ந்து கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முகாம்களில் இருந்தன.

எத்தனை வீட்டைப் பார்ப்பது? மொத்தக் குடித்தனங்களை, ஒன்றுடன் அந்த மொத்தத்தையும் ஏற்கக்கூடிய பிழையின் வர்க்கத்தையும் பெருக்கிக் கூட்டிய தொகையால் வகுப்பது வழக்கமான சூத்திரம். 1,200 குடித்தனம், 5 சதவீதப் பிழை என்றால் 1,200 ஐ 4 ஆல் வகுத்து 300. ஆனால் 400 குடித்தனம் உள்ள ஊரில் இதே சூத்திரம் 200 என்று சொல்லும். பாதி ஊருக்குப் போகிறவர்கள் முழு ஊருக்கும் போய்விடலாம். சின்ன ஊரில் மாதிரி எடுத்தால் "எங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை?" என்ற மனக்கசப்பும் மிஞ்சும், அது நியாயமான கசப்பு.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று மழை. வெருகல், மூதூர்ப் பக்கத்துத் தாழ்நிலங்களில் பாதை வெட்டுப்படும், சனம் பாடசாலைகளில் தங்கியிருக்கும். பெரும்போக வேலை மும்முரமான நாட்களில் வீட்டில் ஆள் இருக்காது. அறுவடை முடிந்த பங்குனிதான் நல்ல காலம், ஆனால் அப்போது எல்லாக் கூரையும் நல்ல கூரையாகத் தெரியும். ஆகவே "கூரை ஒழுகுமா?" என்று கேட்காமல், "போன மார்கழி மழையில் இரவு எங்கே படுத்தீர்கள்?" என்று கேளுங்கள். சுவரில் வெள்ளம் நின்ற கறை இருந்தால் அதன் உயரத்தை அளந்து எழுதுங்கள். கரையோரத்தில் சித்திரைக்குப் பிறகு மேற்குக் கரையிலிருந்து மீனவர் வந்து வாடி போடுவார்கள். வாடியும் வயற்காவல் கொட்டிலும் தங்குமிடங்களே தவிர வீடுகள் அல்ல. அந்தக் குடும்பங்களுக்கு வேறிடத்தில் வீடு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் எண்ணிக்கையிலிருந்து கழித்துவிட வேண்டும்.

"உங்களுக்கு வீடு வேண்டுமா?" என்ற கேள்வி படிவத்தில் இருக்கவே கூடாது. வேண்டாம் என்று எவர் சொல்வார்? அதற்குப் பதிலாக நிலைமையைக் கேளுங்கள். இரவில் யார் எந்த அறையில் படுக்கிறார்கள்? எத்தனை உலை? மலகூடம் யாரோடு பொது? குடிநீர் எங்கிருந்து? காணிக்கு என்ன பத்திரம், யார் பெயரில்? கடைசியாக வீட்டுக்கு என்ன வாங்கினீர்கள்? ஓர் அறையில் மூன்று பேருக்கு மேல் படுத்தால் நெருக்கடி என்பது ஐக்கிய நாடுகளின் வாழிட அமைப்பு வைத்திருக்கும் அளவு. ஆனால் பருவமடைந்த பெண் பிள்ளையும் பெற்றோரும் ஒரே அறையில் என்றால், ஆட்கள் மூன்றாக இருந்தாலும் நம் ஊரில் அது நெருக்கடிதான். அதற்குத் தனிக் குறியீடு போடுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கிராமம். எண்கள் எல்லாம் நாம் வைத்தவை.

நிற்கும் வீடுகள் 380. அவற்றில் 24 பூட்டிக் கிடக்கின்றன. ஆகவே ஆள் இருக்கும் வீடு 356. உலைகள் 398. வித்தியாசம் 42: இத்தனை குடித்தனம் இன்னொரு குடித்தனத்தின் கூரையின் கீழ் இருக்கிறது. எல்லாரும் தனியே போக விரும்புவார்கள் என்று எடுத்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். 12 குடித்தனம், பெரும்பாலும் வயதான தாய் தகப்பன், அங்கேயே இருக்க விரும்புகிறது. மீதி 30. ஆள் இருக்கும் 356 வீட்டில் 48 கிடுகு, மண், தகரத்தாலானவை, திருத்த முடியாத நிலையில். 30 உடன் 48 ஐக் கூட்டினால் 78. இது இன்றைய நிலுவைத் தேவை.

இந்த இடத்தில்தான் மிகப் பலர் இடறுகிறார்கள். நெருக்கடியான கல்வீடு 35 இருக்கிறது என்று வைப்போம். அதையும் 78 உடன் கூட்டி 113 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் நெருக்கடிக்குக் காரணமே அந்த 30 குடித்தனங்கள் உள்ளே இருப்பதுதான். அவர்கள் வெளியேறினால் 22 வீட்டில் நெருக்கடி தீர்ந்துவிடும். மீதி 13 வீட்டுக்கு வேண்டியது புது வீடு அல்ல, ஓர் அறை. ஒரே நோயை இரண்டு பெயரில் எண்ணினால் மொத்தம் பெருக்கும், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எவரும் நம்ப மாட்டார்கள். உண்மையான 78 உம் அதோடு சேர்ந்து தள்ளுபடியாகும்.

அடுத்து வருங்காலம். 18 முதல் 25 வயது வரையான கல்யாணமாகாத பெண்கள் 62 பேர். கடந்த ஐந்து ஆண்டில் இந்த ஊரில் கல்யாணமானவர்களைப் பார்த்தால் ஐந்தில் நாலு பேர் ஊரிலேயே தங்கியிருக்கிறார்கள், ஆகவே ஏறத்தாழ 50 புதுக் குடித்தனம். முதியவர்களின் மறைவால் வெறுமையாகும் வீடு 12. நிகரம் 38. நிலுவை 78 உடன் கூட்டினால் 116.

இனிக் கழிக்க வேண்டியவை. ஊரில் அரைகுறையாக நிற்கும் கட்டுமானம் 26. அத்திவாரத்தோடு நிற்பது, லிண்டல் வரை எழும்பிக் கம்பி துருப்பிடித்து நிற்பது, கூரை போட்டுக் கதவு யன்னல் இல்லாதது எனத் தனித்தனியாகக் குறித்து, ஒவ்வொருவரிடமும் மிச்ச வேலைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், ஐந்து ஆண்டில் தாமாகவே முடிப்பவர்கள் 14 பேர். பூட்டிய 24 வீட்டில் எடுத்துக்கொள்ளக்கூடியது 4 மட்டுமே. வெளிநாட்டில் வேலை செய்பவர் திரும்பிவரக் கட்டியது, பங்குத் தகராறில் கிடப்பது, கடலிலிருந்து தள்ளிக் கட்டியதால் மீனவக் குடும்பம் குடியேறாமல் விட்டது என்று மீதிக்கெல்லாம் காரணம் இருக்கும். 116 இலிருந்து 18 போக 98. ஐந்து ஆண்டுக்கு 98 வீடு, ஆண்டுக்கு இருபது அளவில். அதற்குப் புறம்பாக 13 அறையும், கூரை மலகூடத் திருத்தங்களும். தாமாக முடிக்க வழியில்லாத மற்ற 12 அரைகுறை வீட்டுக்காரரும் இந்த 98 க்குள்தான் வருவார்கள், ஆனால் அவர்களுக்கு முழு மானியம் வேண்டியதில்லை. கூரைக்கும் கதவுக்கும் கொடுத்தால் போதும். மிகக் குறைந்த செலவில் குடும்பத்தை வீட்டுக்குள் ஏற்றும் வழி இதுவே. திட்டங்கள் அதிகம் கவனிக்காமல் விடுவதும் இதையே.

தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பக்கூடிய குடும்பங்களை இந்தக் கூட்டலில் சேர்க்காதீர்கள். உறவினரிடம் விசாரித்துத் தனி வரியாக எழுதுங்கள். வரும் ஆண்டு தெரியாத எண்ணை வருடக் கணக்கோடு கலந்தால் இரண்டும் கெடும்.

பணமும் காணியும்

98 ஐ இப்போது கேள்வியின் கண்ணால் பார்க்க வேண்டும். தாமாகக் கட்டக்கூடியவர் 24, கடனோ பாதி மானியமோ கிடைத்தால் கட்டுபவர் 39, முழு மானியம் இல்லாமல் முடியாதவர் 35 என்று பிரிகிறது என வையுங்கள். இதை மாதச் சம்பளத்தை வைத்துப் பிரிக்க முடியாது. விவசாயியின் கையில் பங்குனியிலும் ஆவணியிலும் பணம், இடையில் கடன். மீனவருக்கு வாடைக்காலம் முழுவதும் வரவு சுருங்கும். ஒரு முழு ஆண்டின் வரவு செலவையும், அடகில் உள்ள நகையையும், போட்டிருக்கும் சீட்டையும் கேட்டால்தான் உண்மையான தாங்குசக்தி தெரியும். வளவில் அடுக்கியிருக்கும் சீமெந்துக் கல்லும் ஒரு சேமிப்புக் கணக்குத்தான். பாசி பிடித்த அடுக்கு என்றால் பணம் நின்று பல மழை கடந்துவிட்டது என்று பொருள்.

மானியத் தொகையைத் தேவையின் விலையாக எடுப்பது இன்னொரு பிழை. போருக்குப் பிறகு வடக்கு கிழக்கில் நடந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டுமானம் எழும்ப எழும்பக் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். அத்திவாரத்தைப் பெரிதாக வெட்டிய குடும்பங்களும், விலை ஏறிய நேரத்தில் கட்டத் தொடங்கிய குடும்பங்களும் நகையை அடகு வைத்துத்தான் முடித்தன. 2022 நெருக்கடியில் சீமெந்து விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஆகவே ஊர் மேசனிடம் இன்றைய கணக்கைக் கேட்டு, அதன் பக்கத்தில் திகதியைப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து அறிக்கையைத் தூக்குகிறவர் மறுபடி கேட்க வேண்டும்.

காணிதான் பெரும்பாலும் உண்மையான முட்டுக்கட்டை. நம் கற்பனை ஊரில் 98 இல் 57 குடும்பத்துக்குத்தான் வீடு வைக்க இடமும் பத்திரமும் இருக்கிறது என்றால், மற்ற 41 குடும்பத்தின் தேவை வீடு என்று எழுதப்பட்டாலும் அது முதலில் காணித் தேவை. உறுதிக் காணி (தனியார் உரித்துள்ளது), 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பேமிட் காணி (அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த அரச காணி), அளிப்புப் பத்திரம் (grant) உள்ள காணி, பத்திரமே இல்லாத காணி என்று நான்காகப் பிரித்துக் குறியுங்கள். கந்தளாய் போன்ற குடியேற்றத் திட்டங்களில் பேமிட் ஒரு பின்னுரித்தாளருக்கே (உரிமையாளருக்குப் பின் வாரிசாக வருபவருக்கே) போகும், நினைத்தபடி துண்டாட முடியாது. மூன்றாம் தலைமுறை அதே வளவில் பின்னால் வீடு போட்டிருக்கும், பத்திரமோ ஒருவர் பெயரில். வனப் பகுதி, தொல்லியல், கரையோர ஒதுக்கம் என்ற எல்லைகளுக்குள் விழும் வளவுகளையும் வரைபடத்தில் தனி நிறத்தில் காட்டாவிட்டால், தெரிவான குடும்பம் அத்திவாரம் வெட்டும் நாளில் தடை வரும்.

துண்டின் அளவையும் பாருங்கள். 10 பேர்ச் என்பது 2,722 சதுர அடி, சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 52 அடி. கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் 50 அடி இடைவெளி என்ற பொது விதியை அதற்குள் காப்பாற்ற, ஒன்றை ஒரு மூலையிலும் மற்றதை எதிர் மூலையிலும் வைக்க வேண்டும். வேலிக்கு அப்பால் பக்கத்து வளவின் குழி எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிண்ணியா, குச்சவெளிக் கரையோர மணலில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், அழுக்கு எளிதில் ஊறிப் போகும். அங்கே இளைய மகளுக்கென்று இரண்டாவது வீட்டை அதே 10 பேர்ச்சில் போட்டால், இரண்டாவது குழியும் வருகிறது. குழாய்நீர் இல்லாத இடமென்றால் அந்த வளவை "காணி உண்டு" என்ற நிரலில் போடாதீர்கள்.

வாடகைத் தேவையைப் பற்றிச் சுருக்கமாக: வெளியூர் ஆசிரியர்கள், தாதியர், உத்தியோகத்தர்கள் அறை தேடுவது மூதூரிலும் புல்மோட்டையிலும் கணக்கில் வருவதே இல்லை. பாடசாலை அதிபரையும் வைத்தியசாலைப் பொறுப்பாளரையும் ஒரு தரம் கேட்டால் போதும்.

கணக்கு முடிந்ததும் முதலில் ஊருக்குத் திரும்பிப் போங்கள். வருமானத்தையும் கடனையும் நகையையும் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு ஒழுங்கைக்கும் எத்தனை உலை, எத்தனை வீடு, எத்தனை பூட்டியது என்ற எண்ணிக்கையை மட்டும் பொதுமண்டபத்தில் வாசியுங்கள். "அந்த வேலிக்குப் பின்னால் ஒரு பிள்ளை கைக்குழந்தையோடு இருக்கிறாளே, அவளை எண்ணினீர்களா?" என்று ஒரு வயதான அம்மா எழும்பிக் கேட்பார். அந்த உலையையும் போய்ப் பார்த்து எழுதிய பிறகு அறிக்கையில் கையெழுத்துப் போடலாம்.